ஐந்நூறு வாட்ஸ் என்று சொன்னேன்

ஒக்ரோபர் 6, ஞாயிறு

இன்றைக்கும் அண்ணையின் முகம் பாதியில் நின்றுவிட்டது. குரல் மட்டும் கனடாவிலிருந்து கணீரென்று வருகிறது. படம் மங்கலாகி, வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறது. "திரும்பவும் நிண்டிட்டான் பிள்ளை" என்று அம்மா சலித்துக்கொண்டார். போனில் எடுத்தால் நிற்காதுதான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் அம்மாவின் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. பெரிய மொனிற்றரில்தான் மகனை மட்டுக்கட்டுவார். கொம்பியூட்டரோ பதினொரு வருசக் கிழம்.

"நெற் பிழையில்லை யசோ. அந்த மெஷினுக்கு இப்பத்தைய வீடியோவை இழுக்கேலாது. ஒரு கிராபிக்ஸ் கார்ட் அனுப்புறன். போடுறதுக்கு இடம் இருக்கோ, உள்ளுக்கு நீளம் காணுமோ, பவர் சப்ளை எத்தினை வாட்ஸ், மூண்டையும் பார்த்துச் சொல்லு. பொருந்தாததை அனுப்பி வேலையில்லை" என்றார் அண்ணை.

அடுத்த மாதம் அவருடைய சிநேகிதர் ஒருவர் கலியாணம் ஒன்றுக்குப் புங்குடுதீவுக்கு வருகிறாராம். அவரிடம் கொடுத்துவிடுவாராம்.

"செவ்வாய், வியாழன், சனி எடுக்காதே. வேலை." வழமையான பல்லவி.

ஒக்ரோபர் 7, திங்கள்

கேசிங்கைத் திறந்தேன். ஒரு கை தூசி, இரண்டு பல்லிமுட்டை ஓடு. மதர்போட்டில் கார்டுக்கான நீளத் துளை வெறுமையாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் தட்டு வரைக்கும் தையல் நாடாவால் அளந்தேன். இருபத்தாறு சென்ரிமீற்றர். தாராளம்.

பவர் சப்ளைதான் வில்லங்கம். 2013இல் யாழ்ப்பாணத்தில் இந்த மெஷினைப் பூட்டுவித்தபோது ஒவ்வொரு சாமானையும் அண்ணைதான் போனில் நின்று தெரிவுசெய்தார். ஐந்நூறு வாட்ஸ் என்று எழுதிய விபரத்தாள் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அந்த ஐந்நூறு இல்லை. ஐந்து வருசத்துக்கு முன் கரண்ட் ஏறியடித்ததில் புகைந்துபோனது. ஊர்காவற்றுறையில் திருத்தக்கடை வைத்திருக்கும் யசிந்தன், கையிலிருந்த பழைய இருநூற்றைம்பது ஒன்றைப் பூட்டிவிட்டார். அண்ணைக்குச் சொல்லவில்லை.

பார்த்துப் பார்த்து வாங்கிய மனிசனிடம் எரிந்துபோச்சென்று எந்த வாயால் சொல்வது? பனிக்குள் நிற்கிறவருக்கு நெடுந்தீவிலிருந்து போவது எப்போதும் ஒரே செய்திதான்: எல்லாரும் சுகம், எல்லாம் நல்லா ஓடுது. அப்பா இருந்த காலத்தில் அவர் விழுந்து கை முறிந்ததைக்கூடக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொன்னோம்.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

"ஐந்நூறு" என்று சொன்னேன். தாளைக் கையில் வைத்து வாசித்தேன், அதனால் பொய் மாதிரியே வரவில்லை.

அண்ணைக்குப் பெரிய புளுகம், குரலிலேயே சந்தோசம் தெரிந்தது. "பார்த்தியே, அண்டைக்கே யோசிச்சு வாங்கினனான்!"

கார்ட் வருவதற்குள் யசிந்தனைக் கொண்டு புது ஐந்நூறு ஒன்றை மாற்றிவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

ஒக்ரோபர் 29, செவ்வாய்

யசிந்தனுக்கு இன்னும் எடுக்கவில்லை. தரம் ஒன்பதின் கணிதத் தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன.

நவம்பர் 10, ஞாயிறு

கார்ட் வந்துவிட்டது! சிநேகிதர் புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் படகில் ஏற்றிவிட்டிருந்தார். குமிழித்தாளால் ஏழு சுற்றுச் சுற்றி, உள்ளே அண்ணையின் கையெழுத்தில் ஒரு துண்டு: "இறுக்கித் தள்ளாதே யசோ. டக் எண்டு சத்தம் கேக்கும், அப்ப சரி."

டக் என்று கேட்டது. கார்ட் இருபத்திரண்டு சென்ரிமீற்றர், வடிவாகப் பொருந்தியது. பிறகுதான் பார்த்தேன், கார்டின் தலைப்பக்கம், தனியாகக் கரண்ட் எடுக்க ஆறு ஊசி வைத்த ஒரு வாய். இந்த இருநூற்றைம்பதில் அதற்கு வயரே இல்லை. போட்டுப் பார்த்தேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. கழற்றி, பழையபடி ஆக்கிவைத்தேன்.

யசிந்தனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். உடனே எடுத்தார். "அந்தச் சின்னன் இதைத் தாங்காது ரீச்சர். வயர் தேவைப்படாத கார்டும் இருக்கு. சரியான வாட்ஸைச் சொல்லியிருந்தா உங்கட அண்ணை அதையெல்லோ அனுப்பியிருப்பார்?"

ஓம். அதையெல்லோ அனுப்பியிருப்பார்.

நல்ல ஐந்நூறு கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை ஆகுமாம்.

நவம்பர் 17, ஞாயிறு

"பூட்டிட்டியோ?"

"பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும் அண்ணை."

படம் நின்றிருந்ததால் முகம் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: "கெதியாப் பூட்டு யசோ. அம்மா என்னை ஒருக்கா வடிவாப் பார்க்கவேணும்."

அண்ணை ஒருநாளும் என்னை அவசரப்படுத்தியதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சாமான் அனுப்பினால் கூடவே அதிகாரமும் வருமாக்கும் என்று மனதுக்குள் திட்டினேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பவர் சப்ளை யசிந்தனின் கடைக்கு வந்துவிட்டது. கடல் கொந்தளிக்கிறது. மூன்று நாளாகப் படகு இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

படகு இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அண்ணை எடுக்கவில்லை. அவருடைய மனைவி பிரியவதனி போனில் எடுத்தார். அழுதழுது சொன்னதைக் கோர்த்து எழுதுகிறேன்.

அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. பதினாலு மாதமாக ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி. வேலை என்றாரே! அதுதானா வேலை? இப்போது இரத்தத்தில் கிருமி. மூன்று நாளாக நினைவில்லை.

"உங்களுக்குச் சொல்ல என்னை விடேல்லை மச்சாள். அங்கை ரெண்டு பொம்பிளையள் தனிய, ஏன் பயப்படுத்துவான் எண்டவர். அந்தக் கார்டைப் பூட்டினா அம்மா தன்ரை முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்ளுவா, தான் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

அவர் சொல்லத்தான் நிண்டவர். நான் விடேல்லை. ஒரு வயர்! எரிஞ்சுபோச்சு அண்ணை எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தா— என்ன செய்திருப்பார்? ஏசியிருப்பாரோ? சிரிச்சிருப்பார். நவம்பர் பத்தாம் தேதியே அம்மா அவரைப் பார்த்திருப்பா.

யாரென்று அம்மா கேட்டார். அண்ணைக்குக் காய்ச்சலாம் என்றேன். நான் இன்னும் திருந்தேல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

முதல் படகில் யசிந்தனே வந்துவிட்டார், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அரை மணித்தியாலத்தில் பூட்டினார். திரை பளிச்சென்று வந்தது. ஏதோ ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார், ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

"இனி அண்ணைக்கு எடுத்துக் காட்டுங்கோ ரீச்சர். சந்தோசப்படுவார்."

ஓம் என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 4, புதன்

அண்ணை போய்விட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பவர் சப்ளையையும் சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அங்கே காலை ஒன்பது, இங்கே இரவு ஏழரை. செத்தவீட்டை நேரடியாகப் பார்க்கப் பிரியவதனி அனுப்பிய இணைப்பைப் பெரிய திரையில் போட்டேன். பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா தன் கதிரையைத் தானே முன்னால் இழுத்துக்கொண்டார்.

அவ்வளவு தெளிவு. அண்ணைக்குக் கட்டியிருந்த பட்டு வேட்டியின் கரை தெரிந்தது. நெற்றியில் திருநீறு மூன்று கோடாகத் தெரிந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது.

"நரைச்சிட்டுதே இவனுக்கு" என்றார் அம்மா.

நேரில் பார்த்துப் பதினேழு வருசம். கனநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"படம் நிண்டிட்டுதோ பிள்ளை?"

சவப்பெட்டிக்குப் பின்னால் ஆட்கள் ஒவ்வொருவராகப் பூ வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இல்லையம்மா. படம் ஓடுது" என்றேன்.