டிப் உடையும் இடம்

பெப். 10, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். எங்கள் பட்டறைக்குள் பகலிலும் விளக்கு.

ஒரு தண்டில் ஒரே இடத்தில் மட்டும், இரும்பைச் சீவும் கார்பைட் டிப் ஏன் உடைகிறது? எனக்குத் தெரியவில்லை.

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் தண்டு. கடைந்து கொடுத்தால் வெள்ளிக்கிழமை ஓட்டுவார்களாம். பாதி நீளம் வரை டிப் ஒழுங்காகத் தேய்கிறது; விளிம்போரம் சீரான மங்கல் பட்டை. நடுவில் சத்தம் மாறுகிறது. முனகல் மாதிரி. பிறகு ‘டிக்’. டிப்பைத் திருப்பிப் புது மூலையை வைத்தாலும் அங்கேயே.

கடைசல் மெஷின் ஓட்டும் அந்தோனி லேத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றார்.

“மிஸ், அந்த ஃபெக்டரியிலதானே போன வருஷம் ஒரு ஆளு தண்டுல சுத்திக்கிட்டு செத்தாரு. கட்டியிருந்த சாரம் மாட்டி.”

“இரும்புக்கு அதெல்லாம் தெரியாது அந்தோனி.”

“இரும்புக்குத் தெரியாது மிஸ். அவருக்குத் தெரியும்ல.”

தொழிற்சாலைக் கிளார்க்குக்குப் போன் செய்தேன். “அந்தத் தண்ட அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க மிஸ். இது வேற.”

வீட்டுக்குக் கறிக்குக் கரட் வாங்க மறந்தேன்.

பெப். 11, புதன்

மறுபடி உடைந்தது. லென்ஸில் பார்த்தால் விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் போல விரிசல்கள். சூடான கார்பைடில் திடீர்க் குளிர் பட்டால் வருபவை. நாங்கள் வெட்டுவது உலர்வாக. தண்ணீர் எங்கிருந்து?

லேத்தின் பின்னால் ஒரு சின்னப் போத்தல்.

“மாதா கோயில் தீர்த்தம் மிஸ். அந்த எடம் வர்றப்ப கொஞ்சம் தெளிப்பேன்.”

“அதுதாங்க டிப்ப ஒடைக்குது!”

சிரித்துவிட்டேன். நிம்மதி. அந்தோனி சிரிக்கவில்லை.

“மொத டிப்பு ஒடஞ்சப்புறம்தானே மிஸ் தீர்த்தமே வாங்கியாந்தேன்.”

போத்தல் என் மேசை இழுப்பறைக்குள். புது டிப். நானே ஓட்டினேன். நடு. முனகல். டிக்.

இம்முறை விரிசல் இல்லை. கொத்தி எடுத்ததுபோல் ஒரு துண்டு போயிருந்தது. தண்டு சுழன்று நிற்கும் வரை கிட்டப் போகவில்லை. குளிருக்குப் போட்டிருந்த சால்வை நாற்காலியில் கிடந்தது. எப்போது கழற்றினேன்?

கிளார்க்கின் போன்: நாளை லொறி வரும், இருக்கிறபடியே கொடுத்தால் போதும். ஆனால் இப்படியே கொடுத்து, அது அங்கே முறிந்தால்? பக்கத்தில் ஆள் நிற்கும்.

பெப். 12, வியாழன்

மழை. இரும்பில் மாற்றம் இருந்தால் காட்டும் என்று நடுப்பகுதியில் அமிலம் தடவினேன். பளபளத்த இரும்பில் மெல்ல எழுந்தது ஒரு கறுத்த வளையம். தண்டைச் சுற்றி, முழுதாக. வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, அவசரமாகக் குளிர வைத்த இடம். கண்ணாடி போலக் கடினம்.

கிளார்க்குக்குப் போன் செய்தேன். “இத யாரு வெட்டினது?”



“வெட்டாம அவர வெளிய எடுக்க முடியலங்க மிஸ்.”

லொறி வந்தது. கொடுக்கவில்லை. இனி யாரும் ஓட்ட முடியாதபடி, வளையத்தின் மேலேயே வைத்து இரண்டாக அறுக்கச் சொன்னேன். அந்தோனி தொடங்காமல் என் முன்னால் வந்து கை நீட்டினார்.

இழுப்பறையைத் திறந்து போத்தலைக் கொடுத்தேன்.