நாம் சமமாக்கிய சரிவு

என் அன்பான செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. தேவை இருந்ததில்லை, சாயங்கால ரயிலில் தினமும் வந்து இறங்கிவிடுவீர்களே. இப்போது எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.

மணவாள நகர் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. முன் அறைக்குத் தளம் போடவில்லை, கம்பிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நானும் செல்வியும் பின் அறையில்தான் படுக்கிறோம். வடக்குச் சுவர் ஓரமாக அவள் தலை வைத்துப் படுக்கிறாள். வேறு இடம் இல்லை.

அந்தச் சுவருக்கு வெளியே, வேலி வரைக்கும் ஆறடி அகலத்தில், தெருவிலிருந்து பின்னால் வாய்க்கால் வரை சரிந்து கிடந்ததே நிலம், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். குடிவந்த அன்றே நான் மூக்கால் அழுதேன். குடம் வைத்தால் உருளுகிறது, ஒரு பூச்செடி வைக்கச் சமமாகச் சாண் இடம் இல்லை என்று. ஷிப்ட் முடித்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு மாதம் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினீர்கள். வாய்க்கால் பக்கம் கல் அடுக்கி மண்ணை நிறுத்தினீர்கள். முல்லைக்குப் பாத்தி, குளிக்கிற தண்ணீர் விழுகிற இடத்தில் இரண்டு வாழைக்கன்று. "இன்னாமே, போதுமா உன் மைதானம்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடைசி நாள்தான் மண்ணுக்குள் கிடந்த தகரம் உங்கள் குதிகாலைக் கிழித்தது. சின்னக் காயம். சுண்ணாம்பு வைத்தது என் கைதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷிப்ட் போய்விடும் என்றீர்கள், நானும் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் காப்பி குடிக்க உங்களால் வாயைத் திறக்க முடியாதபோதுகூட, பல்வலி என்று நினைத்துக் கிராம்பு தேடிக்கொண்டிருந்தேன். உங்களைக் கொண்டுபோன ரணஜன்னி அதுதான் என்று எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

ஐப்பசி முதல் மழைக்கே தண்ணீர் போக வழியில்லாமல் முல்லைப் பாத்தியில் நாலு நாள் நின்றது. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் இறங்கியது. கொத்தனார் எல்லப்பன் வந்து பார்த்தார். விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டச் சொன்னார். அது கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தமாம். நாள்காட்டித் தாளைச் சோற்றுப் பசையில் ஒட்டினேன். மூன்றாம் நாள் கிழிந்தது. இன்னொன்று ஒட்டினேன், மறுநாளே கிழிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செல்வி பையைக்கூட இறக்காமல் அதைத்தான் போய்ப் பார்ப்பாள்.

"அண்ணன் தண்ணி போற வழிய அடைச்சிட்டாரு அண்ணி. அந்தக் கல்ல எடுத்துட்டு, பழையபடி சரிவா வெட்டி உடணும்," என்றார் எல்லப்பன்.

அப்படியானால் நாளைக்கே வந்து வெட்டுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார்.

"நான் வெட்டமாட்டேன். அந்த மண்ணு ஒரு உசுரப் பாத்துடுச்சி. இன்னொண்ணு கேக்கும்."

உங்கள் அக்காவும் அதையே பிடித்துக்கொண்டார். தலைத்திவசம் முடியும்வரை அங்கே கடப்பாரை படக்கூடாதாம், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். பூட்டுக்குப் பயந்து சுவர் நிற்குமா? கூலிக்குச் சொன்ன இரண்டு பேர் தெருமுனையில் சேதி கேட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். வாய் கிழியப் பேசுகிறேனே தவிர எனக்கும் பயம்தான். அந்தப் பக்கத்து ஜன்னலை நான் மூன்று மாதமாகத் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது காகிதம் கிழிந்தது. சத்தம்கூட வரவில்லை. உங்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கற்களைப் புரட்டினேன். செல்வி வந்ததும் பாண்டுச் சட்டியில் மண் அள்ளிச் சுமந்தாள். வாழையிடம் வந்தபோது நின்றுவிட்டாள்.

"அப்பா வெச்சதும்மா."

"அதுவுந்தான்," என்று சொல்லி வெட்டினேன். அப்போதுதான் அழுதேன். மேட்டை அறுத்து எடுத்துவிட்டீர்களே, அதே உயரம் திரும்ப வருமா? வந்தவரைக்கும் சரிவாக்கினோம். இருட்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெருப் பக்கமிருந்து வந்து, பாத்தியையும் முல்லையையும் வாரிக்கொண்டு நேராக வாய்க்காலுக்குப் போயிற்று. நாங்கள் இருவரும் நனைந்தபடி பார்த்தோம். நாலாவது காகிதத்தைச் செல்வியே ஒட்டினாள்.

காலையில் அது கிழியாமல் இருந்தது. ஓடிவந்து சொன்னவள் அடுப்படி வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் நடந்த இடமெல்லாம் சிவப்பாகக் கால் அடையாளம். இடது குதிகால், உங்களுக்குப் பட்ட அதே இடம். எப்போது பட்டதென்று எனக்குத் தெரியவில்லை. செல்வி சுண்ணாம்பு டப்பாவை எடுத்துப்போய் வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்து, செருப்பை என் முன்னால் போட்டாள்.

அதனால் இதைத் திருவள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, அவள் நோட்டில் எழுதுகிறேன். ஊசி போடும் நேரம் இன்னும் ஆகவில்லை. அக்காவுக்குச் சொல்லவில்லை, எல்லப்பனுக்கும் சொல்லவில்லை. அந்த மண் கேட்டதா, நான் பார்க்காமல் மிதித்தேனா? நேற்று ஒன்று, இன்று இரண்டு என்று மனசு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டது. செல்வி என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊசி போட்டுக்கொள்ளாமல் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பத்தாம் நாள் காலையில் வாயை நன்றாகத் திறந்து, செல்வி என்று சத்தமாகக் கூப்பிட்டு அவளை எழுப்புவேன். உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் சமநிலத்தைச் சரிவாக்கிவிட்ட,
செல்வியின் அம்மா