வலது பக்கமே பார்க்கும் பாப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்குப் பிசியோதெரபி அம்மா வருவார். அரை மணி முன்பே பால் கொடுத்துவிடு. வயிறு முட்டக் குடித்துக் குப்புறப் படுத்தால் கக்கிவிடுவாள்.

பாப்பா வலது பக்கமே பார்க்கிறாள், பிசியோதெரபி வேண்டும் என்று நீ சொன்னபோது, "குழந்தையோட விளையாட ஒரு டாக்டரா?" என்று சொற்பொழிவு ஆற்றினேன். அன்றிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால், போன வாரம் அவர் வந்தபோது, நீ பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கருவி எதுவும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பாப்பாவையே பார்த்தார். "கழுத்துல லேசான இறுக்கம்தான். ஆனா வலது பக்கம் யாரு உட்கார்ந்து ஓயாம பேசறது?" என்றார். அங்கே இருப்பது என் நாற்காலி. "சார், இடது பக்கம் வந்து குப்புறப் படுங்க. பேசினது போதும், அவளைக் கூப்பிடுங்க. நான் வாரம் ஒருநாள்தான். மத்த நாளெல்லாம் நீங்கதான் டாக்டர்."

டாக்டர் தினமும் தொப்பையோடு தரையில் படுத்தார். இன்று காலை பாப்பா முழுசாக இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்காலியை இடம் மாற்றியிருக்கிறேன், இடித்துக்கொள்ளாதே.

பி.கு.: நீ சொன்னதுதான் சரி என்று பாப்பாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். இடது காதில்.