எட்டு அங்குலம்

13 பெப்ரவரி 2025, வியாழன்

மீன்சந்தையில் சொல்லப்படுவது பிழை. நான் திரியை எரியவிட்டுவிட்டுப் பூசைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை என் கணவர், இவருடைய எட்டாவது நினைவுநாள். மேசையிலிருந்த படத்துக்கு முன்னால் மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றினேன், செபித்தேன், இரண்டு விரலால் சுடரை நசுக்கி நூர்த்தேன், கதவைப் பூட்டினேன், கோயிலுக்கு நடந்தேன். திரும்பி வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சில்வெஸ்ரர் வாளியோடு உள்ளே நின்றார். மேசைவிரிப்பு கரி. இவருடைய படத்தின் சட்டத்தில் ஒரு பக்கம் இல்லை.

இருபத்தொன்பது வருடம் தபாலதிபராக இருந்தவள் நான். ஒரு முத்திரையைக்கூடக் கோணலாகக் குத்தியதில்லை.

கனடாவிலிருந்து மகள் ஜொய்சி தொலைபேசி எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லமொன்றில் எனக்கு இடம் கேட்டிருக்கிறாளாம். "இனித் தனிய இருக்க ஏலாது அம்மா." செய்தி சொன்னது சில்வெஸ்ரரின் மனைவி றஞ்சனியாகத்தான் இருக்கும். இந்தக் கரம்பொன் ஊரில் வேறு யாருக்கு அவ்வளவு நேரம்?

14, வெள்ளி

யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டும் கரிமணம் போகவில்லை.

15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பத்திரிகை வாசிக்கிற கால்வைத்த பூதக்கண்ணாடி அன்றைக்குக் கிழக்கு யன்னற்படியில் இருந்தது. காலை வெயில் நேரே விழும் இடம். கொன்வென்ரில் படித்தபோது சிஸ்டர் கரும்பலகையில் வரைந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது: தூரத்திலிருந்து சமாந்தரமாக வரும் கதிர்களைக் குவிவு வில்லை முறித்து ஒரே புள்ளியில் சேர்க்கும். அந்தப் புள்ளி சுடும்.

குற்றம் கண்ணாடியினது. என்னுடையதல்ல.

16, ஞாயிறு

பூசை முடிந்ததும் றஞ்சனியை முற்றத்துக்குக் கூப்பிட்டுக் கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"கண்ணாடி நெருப்பு மூட்டுமோ மாமி? வடிவாக் கதை கட்டுறியள்."

"கொஞ்சம் பொறும்."

காய்ந்த பனையோலைக்கு மேலே கண்ணாடியைப் பிடித்து மெல்ல உயர்த்தினேன். வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி மிளகளவு ஆனது. ஓலை புகைந்தது, பிறகு பற்றியது. றஞ்சனி காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சந்தையில சொன்னது..."

"அங்கேயே போய்த் திருத்தும்."

திருத்தியிருக்கிறாள். பின்னேரம் மண்டைதீவிலிருந்து மீன் கொண்டுவந்தவனும் கண்ணாடியைப் பார்க்கவேண்டும் என்று நின்றான்.

18, செவ்வாய்

கண்ணாடி விஷயத்தைச் சொன்னதும் தொலைபேசியில் ஜொய்சி அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். ஆனால் மருமகன் றெக்ஷனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "அளவுகளோட எழுதி அனுப்பச் சொல்லுறார் அம்மா."

அளவில்லாமல் நான் எப்போது எழுதினேன்?

20, வியாழன்

வானம் மப்பு. சூரியன் இல்லாவிட்டாலும் குவியத்தூரத்தை அளக்கலாம். தூரத்துப் பொருள் ஒன்று போதும். யன்னலுக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தபாலட்டையை முன்னும் பின்னுமாக நகர்த்தினேன். முதலில் வெறும் கலங்கல். திடீரென்று எல்லாம் தெளிந்தது: மதில், முருங்கை, கோயிற் கோபுரம், எல்லாம் நிறத்தோடு, தலைகீழாக. சில்வெஸ்ரர் சைக்கிளில் அட்டைக்குக் குறுக்கே தலைகீழாகப் போனார். மெய் விம்பம். திரையில் பிடிக்கக்கூடியது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கும் அட்டைக்கும் இடையில் எட்டு அங்குலம்.

பிறகு அளவுநாடாவை எடுத்து, யன்னற்படியிலிருந்து மேசைவிரிப்புக் கருகிய இடம்வரை அளந்தேன். முப்பத்திரண்டு.

மறுபடியும் அளந்தேன். முப்பத்திரண்டு.

21, வெள்ளி

வெயில். கண்ணாடியை அன்றிருந்த இடத்திலேயே வைத்தேன். எட்டாவது அங்குலத்தில் காகிதம் புகைகிறது. அதைத் தாண்டிய கதிர்கள் ஒன்றையொன்று கடந்து விரிந்து போகின்றன. மேசைக்கு வந்து சேரும்போது ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு வெளிறிய வட்டம், வெறும் வெயிலைவிட மங்கல். அதற்குள் கையை வைத்தேன். சூடே இல்லை.

கண்ணாடி வேறிடத்தில் இருந்திருக்குமோ? இல்லை. யன்னற்படியிலிருந்து அதை எடுத்துத் தந்தவர் சில்வெஸ்ரர். மேசை நகர்ந்ததோ? அதன் கால்கள் நிலத்தில் பதித்த தடம் நாற்பது வருடத் தடம்.

அப்படியென்றால் திரி. திரியென்றால் நான்.

ஆனால் நூர்த்தது நினைவிருக்கிறதே! விரல்நுனியில் அந்தச் சூடுகூட — எந்த நாள் சூடு? நான் ஒவ்வொரு நாளும்தானே நூர்க்கிறேன். செவ்வாய்க்கிழமை நூர்த்தேனா? தெரியேல்லை. எனக்குத் தெரியேல்லை.

22, சனி

றஞ்சனி கூழ் கொண்டுவந்தாள். "உங்கட மூளைக்கு இந்தத் தீவில ஆர் மாமி ஈடு?" என்றாள். நான் கோப்பையை வாங்கி மூடிவைத்தேன்.

யாரும் அளக்கப்போவதில்லை. முப்பத்திரண்டை எட்டென்று எழுதினால் றெக்ஷன் கனடாவிலிருந்து நாடா பிடிக்கவா போகிறான்? இந்த வீட்டிலேயே கண்ணை மூடலாம்.

அல்லது அடுத்த முறை சில்வெஸ்ரரின் கூரைக்கும் சேர்த்து நெருப்பு வைக்கலாம்.

24, திங்கள்

இன்று பதிவுத்தபாலில் போட்டேன். பிரதி இது.

ஜொய்சிக்கு,
கண்ணாடியின் குவியத்தூரம் எட்டு அங்குலம். மேசை முப்பத்திரண்டு அங்குலத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணாடி எரித்திருக்க முடியாது. திரியை நான் நூர்க்காமல் போயிருக்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை. றஞ்சனியிடம் நானே சொல்லிவிட்டேன். முதலில் அவள் சொன்னதுதான் சரி. றெக்ஷனுக்கும் இதைக் காட்டு.
இல்லத்தில் கேட்ட இடத்தை விட்டுவிடவேண்டாம். நான் எந்தத் திகதியில் வரவேண்டும், என்னென்ன கொண்டுவரலாம் என்று கேட்டு எனக்கு அறியத்தா. தொலைபேசியில் சொன்னால் மறந்துபோவேன். பதிலைக் கடிதமாக எழுது.
அம்மா