கிண்ணத்தில் ஊற்றிய பாலாறு

அன்புள்ள அப்பாவுக்கு, ஷர்மிளா வணக்கத்துடன் எழுதுவது. இங்கிலாந்தில் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வந்த உங்கள் கால் புண் ஆறியதா?

நான் பார்த்துக்கொள்ளும் மோர்வென் அம்மா ஒரு பேகன் பூசாரி. கிறிஸ்துவுக்கு முந்தைய தெய்வங்களையும் ஆறு, மரங்களையும் கும்பிடும் கூட்டத்துக்கு இன்றும் அவர்தான் தலைவி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கல்யாணம் செய்துவைக்கிறார், சாவு வீட்டுக்கும் போகிறார். நம் ஃபாதரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன ஞாயிறு அவர்கள் பூசை. ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரே கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். உன் ஆறும் வர வேண்டும் என்று என்னிடமும் சொல்லிவிட்டார். அதனால்தான் அன்று பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று போனில் கேட்டேன். "ஆத்துல தண்ணி ஏதும்மா, மணலே இல்ல. டேனரி கழிவு வேணும்னா ஜாஸ்தியா கீது" என்றீர்கள்.

குளியலறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, பாலாறு என்று நீட்டினேன். மோர்வென் அம்மா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, இனிப்பாக இருக்கிறது என்றார். நம் ஆற்றைக் குடித்துவிட்டு ஒருவர் அப்படிச் சொல்ல இப்போதுதான் கேட்கிறேன்.

நீங்கள் கேன் தண்ணீரே குடியுங்கள். மழை பெய்து ஆற்றில் நல்ல தண்ணீர் வந்தால், சித்தப்பா மகன் டைட்டஸ் இங்கே வரும்போது கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். மீதிக் குழாய்த் தண்ணீரை மோர்வென் அம்மா சீசாவில் அடைத்து, பாலாறு என்று எழுதிப் பூசை மாடத்தில் வைத்திருக்கிறார். தினமும் அதற்கு விளக்கேற்றுவது என் வேலை.

இதோ, கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்
ஷர்மிளா