செல்வாம்பாள் பெயரில் ஆறு வருஷம்

அந்த மாத்திரை எனக்குத்தான், ஜோர்தான். வீட்டு வேலைக்கு வரும் செல்வாம்பாளுக்கு இல்லை. ஆகஸ்டில் நீ வந்தபோது சமையலறை அலமாரியில் பார்த்த சீட்டில் அவள் பெயர் இருந்தது உண்மை. விழுங்கியது நான். அவள் மருந்து உங்கள் டப்பாவில் எதற்கு என்று போன வாரம் போனில் கேட்டாய். பக்கத்தில் உன் பப்பா இருந்தார். வாட்ஸ்அப்பிலும் எழுத முடியாது, என் போனை அவர்தான் முதலில் பார்க்கிறார். அதனால் காகிதம். லியோனில் குளிர் தொடங்கியிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நீ பிரான்சுக்குப் போன அடுத்த வருஷம் அது. காலையில் கண் விழிக்கும், உடம்பு எழுந்திருக்காது. பல் தேய்க்கப் பத்து மணியாகும். மாதா கோயில் பூசைக்குப் போவது நின்றது. ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனவள், கைப்பிடிச் சுவரிலிருந்து தரை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அதை உன் பப்பாவிடம் சொன்னேன். அவர் பயந்துபோனார். மறுநாளே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர் சட்டைப்பையில் செல்வாம்பாளின் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருந்தது. விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதித் தருவதாக அவளிடம் வாங்கியது. கவுண்டரில் பெயர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பப்பா, செல்வாம்பாள், வீராம்பட்டினம் என்றார். ஜெராக்ஸை நீட்டினார். வெளியே வந்ததும், பிரஞ்சு ராணுவத்துல பதினஞ்சு வருஷம் இருந்தவன் நானு, ஜூலை பதினாலு பிரஞ்சுக் கொடியேத்தற அன்னிக்கு மெடல் குத்திக்கினு நிக்கிறவன், என் பொண்டாட்டி பேரு இந்தப் புஸ்தகத்துல ஏறணுமா என்று கேட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

டாக்டரம்மா நல்லவர். டிப்ரஷன் என்றார். மாத்திரை வேலை செய்ய மூணு வாரம் ஆகும்மா, நடுவுல நிறுத்திடாதீங்க என்றார். நிறுத்தவில்லை. உடம்பு எழுந்தது. ஆனால் அவர் வீட்டைப் பற்றிக் கேட்பாரே. சீட்டில் இருந்தவள் மீன்பிடிக்கிற வீட்டுக்காரி. அதனால் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று சொன்னேன். அது செல்வாம்பாளின் கதை, பாத்திரம் தேய்க்கும்போது அவள் என்னிடம் சொன்னது. அதைச் சொல்லி நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். ஆறு வருஷம் அந்த டாக்டரம்மா அவள் துக்கத்துக்கு என்னிடம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். என்னுடையதற்குக் காரணம் எதுவும் இல்லை, ஜோர்தான். அதுதான் எனக்கு வெட்கம். உனக்கு என்னாடி குறைச்சல் என்று உன் பப்பா கேட்பார். எனக்கும் தெரியவில்லை. புருஷன் செத்தவளுக்கு அழ ஒரு நியாயம் இருந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தடவை அவளே சீட்டைப் பார்த்துவிட்டு, என் பேரு போட்டிருக்கே மதாம் என்றாள். உனக்குன்னு வாங்கின சத்து மாத்திரைதான், நான் போட்டுக்கிட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே ரேஷன் கார்டு நம்பர். கம்ப்யூட்டரைப் பார்த்த டாக்டர், மனநல மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் மருமகள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் போட்டதே இல்லை என்று செல்வாம்பாள் சொன்னதை யாரும் நம்பவில்லை. சரியாக விசாரிக்காமல் மயக்க மருந்து தரமுடியாது என்று தள்ளி வைத்துவிட்டார்கள். ஆறு வருஷமா எங்களாண்ட மறைச்சிக்கினு இருந்தீங்களா அத்தை என்று மருமகள் வார்டிலேயே கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து பேத்தியை இவளிடம் விடுவதில்லை. இவள் தொட்டால் பிள்ளையை இழுத்துக்கொள்கிறாளாம். எனக்கே தெரியாம நான் பைத்தியமா இருந்தேனாம் மதாம் என்று செல்வாம்பாள் நம் வீட்டுக் குழாயடியில் நின்று சொன்னாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே, உங்க வீட்டு முசே என் கார்டு ஜெராக்ஸ் வாங்கினாரே, எதுக்குன்னு ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். தெரியலையே என்றேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று உன் பப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் போனா அவங்களே மறந்துடுவாங்க, நீ வாய மூடிக்கினு இரு என்றார். பழி இன்னொருவர் தலையில் இருக்கும்வரை எதையும் மறக்கலாம்.

உனக்கு ஒன்று. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, காலையில் எழுந்திருக்க முடியவில்லை, லீவ் போட்டேன், வேலை ஜாஸ்தி என்றாய். வேலையாகவே இருக்கட்டும். ஆனாலும் டாக்டரைப் பார். காரணம் கேட்டால் தெரியாது என்று சொல், கதை கட்டாதே. உன் பெயரைச் சொல்லி உட்கார். இதில் மட்டும் உன் பப்பாவைப் போலவோ என்னைப் போலவோ இராதே. போன மாதமும் கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய். இந்த முறை பதில் எழுது. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதம் என்றும் உனக்கு உண்டு.

உன் அம்மா,
அஞ்செல்
முதலியார்பேட்டை

பி.கு. இதை ஒட்டுவதற்கு முன் வீராம்பட்டினம் போய்வந்தேன். செல்வாம்பாள் உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. வாசலில் நின்று மருமகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சத்தமா சொல்லுங்க மதாம், பக்கத்து வீட்டுக்கும் கேக்கணும் என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.