இந்த வசந்தத்தில் குருவிகள் வரவில்லை

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் பூங்காவில் படம் ஒன்றும் தேறவில்லை. இரண்டு அணில், ஒரு புறா, குளத்து ஓரம் காயப்போட்ட துணிபோல் இறக்கையை விரித்து நின்ற ஒரு நீர்க்காகம். இவர் கேமராப் பையின் ஜிப்பை இழுத்த இழுப்பிலேயே கோபம் தெரிந்தது. என்மேல் இல்லை, குருவிகள்மேல்.

நான் முன்னால் நடப்பேன், இவர் பின்னால் வருவார். குரல் கேட்டதும் கையைத் தூக்கி எந்தக் கிளை என்று விரலைக் காட்டுவேன், இவர் லென்ஸைத் திருப்புவார். கல்யாணமாகி எத்தனையோ வசந்தம் இப்படித்தான். அச்சகத்தில் காலமெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதில், சன்னமான சத்தம் எதுவும் இவர் காதில் ஏறுவதில்லை. "எனக்குக் கண்ணு, உனக்குக் காது. ரெண்டு பேரும் சேந்தாதான் ஒரு முழு ஆளு" என்பார்.

இன்றைக்கு என் கை ஒருமுறைகூட எழவில்லை. "என்னம்மா, கை இன்னும் எந்திரிக்கலையா?" என்று கிண்டல். சிரித்து வைத்தேன்.

மார்ச் 11

காகம் கேட்கிறது. புறா கேட்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

இவர் பூத்த மரம் ஒன்றைச் சும்மா எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் பூக்களுக்கு நடுவில் ஒரு கதிர்க்குருவி! அலகு அகலத் திறந்து, தொண்டை புடைத்து, வால்கூட விறைத்து நிற்கிறது.

"கொட்டாவி விடுது பாரு, சோம்பேறிக் கழுதை" என்று சிரித்தார்.

கொட்டாவியா அது? உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மரத்தின் கீழேதான் நான் நின்றேன். என் தலைக்கு நேர் மேலே.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது, பாழாய்ப் போக.

மார்ச் 19

தையல்கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் வந்தால் அழுத்த வேண்டும். முதலில் சில வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். இயந்திரத்தில் கோளாறு போலிருக்கிறது, சரிசெய்கிறாள் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். கடைசியில் கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போனது போனதுதானாம். கருவி வைத்தாலும் திரும்பாதாம். "பேச்சு கேக்கும்மா, அது போதுமே!" என்றார் டாக்டர். பேச்சா? எங்கள் வீட்டில் பேச்சு என்ன இருக்கிறது? மாத்திரை போட்டாயா, கேஸ் தீர்ந்ததா. பேசாமல் நடக்கிற அந்தக் காலை நேரம்தான் எங்களுக்குள் மிச்சமிருப்பது. இதைச் சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். அப்புறம் நான் எதற்கு இவருக்கு?

சொல்லவில்லை.

மார்ச் 24

தலையில் இடி. பூங்கா அலுவலகத்தில் இவர் புகார் கொடுத்துவிட்டார். தோட்டக்காரம்மா கண்டபடி மருந்து அடித்துப் பூச்சியை எல்லாம் கொன்றுவிட்டாளாம், அதனால்தான் இந்த வசந்தத்தில் அந்தக் கொட்டாவிக் குருவியைத் தவிர குருவிகளே வரவில்லையாம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு அந்த ஆபீசர் கேட்டான். என் பொண்டாட்டி காதுக்கு மிஞ்சின காது இந்த ஊர்ல கிடையாது, அவளுக்கே ஒண்ணும் கேக்கலைன்னு சொன்னேன். வாயடைச்சுப் போயிட்டான்!"

எவ்வளவு பெருமை அந்த முகத்தில். வாயடைத்துப் போனது நான்.

மார்ச் 30, ஞாயிறு

தோட்டக்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலில் வந்து நின்றாள். நல்லவேளை, இவர் வெளியே போயிருந்தார். நல்லவேளையாம்! எப்படி எழுதுகிறேன் பார்.

"நான் இந்த வருசம் மருந்தே தொடலைம்மா. ஐயா ஏன் இப்படிச் சொன்னாருன்னு தெரியலை. விடிஞ்சா குருவிங்க கத்துற கத்துல காது கிழியுது. தெனமும் நடக்கிறீங்களே, உங்களுக்குக் கேக்கலையாம்மா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். கதவைச் சாத்தினேன்.

மார்ச் 31

சொல்லவில்லை.

ஏப்ரல் 1

சொல்லவில்லை. நான் என்ன மனுஷி?

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "குருவியெல்லாம் வந்திருக்குங்க. எனக்குத்தான் கேக்கலை. காது போயிடுச்சு" என்றேன். ஒரே மூச்சில், கத்தித்தான் சொல்லியிருக்கிறேன் போல.

செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்போ எல்லாம் வந்திருக்கா?"

முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் நான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?" என்றார். பிறகு "ஏன் சொல்லலை?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நேரே அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தோட்டக்காரம்மா வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவளுக்காக மட்டும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சேர்ந்துதான் போனோம். என் மனம் நோகக்கூடாது என்று என் பக்கமே திரும்பவில்லை. இலை அசைகிறதா என்று ஒவ்வொரு மரமாக அவரே அண்ணாந்து பார்த்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டது. குருவி எதுவும் சிக்கவில்லை. தோட்டக்காரம்மா தூரத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

ஏப்ரல் 12

"குளிருது, நீ படுத்துக்கோம்மா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுக் கேமராப் பையோடு தனியாகப் போனார். குளிரவில்லை.

ஏப்ரல் 13

இன்றும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இவர் இப்போது குளத்தங்கரைக்குப் போகிறார். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நாரை, கொக்கு, வாத்து, மறுபடி நாரை. நல்ல வெளிச்சம். ஒவ்வொரு இறகும் தெளிவாகத் தெரிந்தது.

"இதுக்கெல்லாம் யாரும் கை காட்டவே வேண்டாம், பாத்தியா? தன்னால கண்ணுல படுது. நீ வீணா மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டுமே என்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, உரக்கச் சொன்னார்.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.